கருப்பை உள்சவ்வுல டிபி: பாம்பன் பக்கத்து கேஸ் ஒண்ணு, ரெண்டு சாம்பிள்

ஒரே பொண்ணுக்கு ஒரே மாசத்துல ரெண்டு ரிப்போர்ட். ஒண்ணு பயாப்சி, அதாவது கருப்பை உள்சவ்வுலருந்து (எண்டோமெட்ரியம்) துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கிறது, அதுல "ப்ரொலிஃபரேட்டிவ் எண்டோமெட்ரியம், கிரானுலோமா காணப்படவில்லை"ன்னு இருக்கு: மாதவிலக்கு முடிஞ்சு புதுசா வளர்ற உள்சவ்வு, டிபி மாதிரி நோயில செல்லெல்லாம் கூடிக் கட்டுற முடிச்சு (கிரானுலோமா) இல்லன்னு அர்த்தம். இன்னொண்ணு பிரைவேட் லேப்ல பண்ணுன பிசிஆர், கிருமியோட டிஎன்ஏவ தேடுற டெஸ்ட், அதுல டிபி பாசிட்டிவ். பயாப்சிய பாத்த டாக்டர் டிபி இல்லம்மா, கவலப்படாதீங்கன்னு அனுப்பிட்டாங்க, பிசிஆர பாத்த இன்னொரு டாக்டர் இன்னைக்கே ஆறு மாச மாத்திரைய ஆரம்பிச்சிரலாம்னு சொல்லிட்டாங்க, நடுவுல அந்தக் குடும்பம் யார் பேச்ச எடுத்துக்கறதுன்னு தெரியாம ஃபைலத் தூக்கிட்டு ராமநாதபுரத்துக்கு வந்துச்சு. நான் பேத்தாலஜிஸ்ட், திசுவ மைக்ராஸ்கோப்புல பாத்து நோயச் சொல்ற டாக்டர், எங்கிட்ட வர்றது பெரும்பாலும் டப்பாவும் ஃபாரமும்தான், ஆள் வர்றது கம்மி. இந்தக் கேஸ்ல ஆளே வந்தாங்க. அவங்க சம்மதத்தோட, அடையாளம் தெரியுற விவரத்த எல்லாம் எடுத்துட்டு முழுசா எழுதுறேன். எண்டோமெட்ரியம் சாம்பிள்ல நோயக் கண்டுபிடிக்கிற வேல எந்த எடத்துல சறுக்குதுன்னு இந்த ஒரு கேஸ்லயே நல்லாத் தெரியுது.

பொண்ணுக்கு 28 வயசு. பாம்பன் பக்கத்து கடற்கரை கிராமம். கல்யாணமாகி ஆறு வருசம், குழந்தை தங்கல. வீட்டுக்காரர் மீன்பிடி போட்டுக்குப் போறவர். இவங்க சின்ன வயசுலருந்தே மாமியா, மத்த பொம்பளைங்களோட தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போறவங்க, மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசின்னு சீசனுக்குத் தக்கன. விரல்ல துணி சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு மூச்சப் புடிச்சு முங்கி பாறையிலருந்து பிடுங்கணும், மணிக்கணக்கா உப்புத் தண்ணிக்குள்ள. அதனால அடிவயித்து வலின்னு சொன்னப்ப எல்லாரும் "தண்ணிக்குள்ள கெடக்கிற ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுட்டாங்க. மாதவிலக்கு முன்னாடி நாலஞ்சு நாள் இருந்தது ரெண்டு வருசமா ஒன்றரை நாள், ரெண்டு நாள்னு சுருங்கிருச்சு. இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு. எடை கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. வீட்டுக்காரருக்கு விந்து பரிசோதனை நார்மல். எச்எஸ்ஜில, அதாவது கருப்பைக்குள்ள மருந்து ஏத்தி எடுக்கிற எக்ஸ்ரேல, ரெண்டு கருக்குழாயும் (டியூப்) அடைப்பு, அதுலயும் ஒரு பக்கம் பாசிமணி கோத்த மாதிரி விட்டு விட்டு விரிஞ்சு சுருங்கித் தெரிஞ்சுச்சு. டிபிய நெனைக்க வைக்கிற படம் அது. ஆனா அந்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டுல "பைலேட்டரல் டியூபல் பிளாக்" மட்டும்தான் எழுதியிருந்துச்சு, ஃபிலிம எடுத்து லைட்டுல வச்சுப் பாத்தாத்தான் மணி தெரியும்.

இன்னொரு விசயம் எந்த ஃபைல்லயும் இல்ல. மாமனாருக்கு சில வருசத்துக்கு முன்னாடி நுரையீரல் டிபி வந்து மாத்திரை சாப்ட்டிருக்காரு, அவரு இருமிக்கிட்டிருந்த அதே ஒத்த ரூம் வீட்லதான் இவங்க கல்யாணமான புதுசுல இருந்திருக்காங்க. இது ஊர் நர்சுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். குழந்தை இல்லன்னு போன எந்த ஆஸ்பத்திரியிலயும் யாரும் கேக்கல, வீட்லயும் சொல்லத் தோணல, ஏன்னா நெஞ்சுச் சளி நோய்க்கும் கருப்பைக்கும் சம்பந்தம் இருக்கும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கருப்பை டிபி அனேகமா எல்லா நேரமும் வேற எடத்துலருந்து, பெரும்பாலும் நுரையீரல்லருந்து ரத்தம் வழியா வந்து முதல்ல டியூப்ல உக்காரும், அங்கருந்து எறங்கி எண்டோமெட்ரியத்துக்கு வரும். டியூப் கிட்டத்தட்ட எல்லா கேஸ்லயும் அடிவாங்கியிருக்கும், எண்டோமெட்ரியம் பாதிக்கு மேல. அது டியூப்புக்கு வந்து சேர்றப்ப நுரையீரல்ல இருந்த தடமே அழிஞ்சு போயிருக்கலாம், அதனால எக்ஸ்ரே சுத்தம்ங்கிறத வச்சு டிபி இல்லன்னு சொல்ல முடியாது.

முதல் சாம்பிள்

மாமியா ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள கைக்குட்டையச் சுத்தி, அதுக்குள்ள மெழுகு பிளாக்கும் ரெண்டு ஸ்லைடும் கொண்டு வந்திருந்தாங்க. "ஒரு சீட்டுல இருக்குன்னு போட்டுருக்கு, ஒரு சீட்டுல இல்லன்னு போட்டுருக்கு, நாங்க எதத் தாயி நம்புறது?"ன்னு கேட்டாங்க. நான் மொதல்ல பாத்துட்டு சொல்றேன் அத்தைன்னு உக்கார வச்சேன். மருமக ஒண்ணும் பேசல, ஃபைல மடியில வச்சுக்கிட்டு தரையப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

கூட வந்த ரெக்விசிஷன் ஃபாரத்த பாத்தேன். பேரு, வயசு, அப்புறம் ரெண்டே ரெண்டு வார்த்தை: இன்ஃபெர்ட்டிலிட்டி (குழந்தையின்மை), ஈபி (எண்டோமெட்ரியல் பயாப்சி). கடைசி மாதவிலக்கு தேதி எடம் காலி. என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு எடம் காலி. டிபி சந்தேகம்னு ஒரு வரி கிடையாது. இந்த மூணும் இல்லாம எண்டோமெட்ரியத்த படிக்கச் சொல்றது எங்கள ரொம்ப சிரமப்படுத்துற விசயம், ஏன்னா ஒடம்புல வேற எந்தத் திசுவும் இப்படி நாளுக்கு நாள் உருவம் மாறிக்கிட்டே இருக்காது. 28 நாள் சுழற்சில 10ஆம் நாள் எடுத்ததும் 24ஆம் நாள் எடுத்ததும் வேற வேற திசு மாதிரி இருக்கும். 17ஆம் நாள் வாக்குல சுரப்பி செல்லோட நியூக்ளியசுக்குக் கீழ வெள்ளையா குமிழ் வரும், 22ஆம் நாள் வாக்குல சுரப்பிகளுக்கு நடுவுல இருக்கிற திசு (ஸ்ட்ரோமா) நீர் கோத்து ஊதும், 23ல சின்ன ரத்தக்குழாயச் சுத்தி செல் பருக்க ஆரம்பிக்கும். 1950ல நோய்ஸ், ஹெர்டிக், ராக் மூணு பேரும் இந்த நாள் கணக்க வரிசையா எழுதி வச்சாங்க, இன்னைக்கும் நாங்க அந்த அடிப்படையிலதான் படிக்கிறோம். தேதி தெரிஞ்சாத்தான் இது இந்த நாளுக்கு சரியா இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்.

அந்தப் பொண்ணுகிட்டயே தேதி கேட்டேன். காலண்டர்ல குறிச்சு வச்சிருந்தாங்க, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்தும் வச்சிருந்தாங்க, குழந்தைக்காக அலையுற பொண்ணுங்க எல்லாரும் இத கரெக்டா வச்சிருப்பாங்க, கேட்டா ஒரு நிமிசத்துல கெடைக்கும். சாம்பிள் எடுத்தது 9ஆம் நாள்.

முழு விசயமும் அங்கயே இருக்கு. டிபி கிருமி எண்டோமெட்ரியத்துக்கு வந்ததும் அன்னைக்கே கிரானுலோமா கட்டாது, அதுக்கு ரெண்டு வாரம் போல வேணும். ஆனா எண்டோமெட்ரியத்தோட மேல் அடுக்கு மாசா மாசம் கழண்டு விழுந்துருது. கட்டுனதும் மாதவிலக்கோட போயிருது, டியூப்லருந்து மறுபடி கிருமி எறங்கி, புதுசா வளந்த அடுக்குல மறுபடி கட்ட ஆரம்பிக்குது. அப்ப மாதவிலக்கு முடிஞ்ச ஒரு வாரத்துல போய் எடுத்தா என்ன கெடைக்கும்? புதுசா மொளைச்ச சுத்தமான அடுக்குதான் கெடைக்கும். கிரானுலோமா தேடணும்னா மாதவிலக்குக்கு முந்தின சில நாள்ல எடுக்கணும், கட்டுறதுக்கு அதிகபட்ச அவகாசம் குடுத்துட்டு. காலம் காலமா பாடத்துல இருக்கிறதுதான், ஆனா ஓபில கூட்டம், ஆளு வர்ற நாள்ல எடுத்துரலாம்னு எடுத்துடறாங்க. பாம்பன்லருந்து பஸ் ஏறி வந்த ஆள 14 நாள் கழிச்சு வான்னு திருப்பி அனுப்ப மனசு வராதுங்கிறதும் எனக்குப் புரியுது. ஆனா அந்த நாள்ல எடுத்த சாம்பிளுக்கு டிபி இருக்கா இல்லையாங்கிற கேள்விக்கு பதில் சொல்ற சக்தி ரொம்பக் கம்மி. ரிப்போர்ட்ல "கிரானுலோமா இல்லை"ன்னு எழுதுனது உண்மை. அத "டிபி இல்லை"ன்னு படிச்சதுதான் தப்பாப் போச்சு.

பிளாக்க வாங்கி இன்னும் ஆழமா வெட்டச் சொன்னேன். நாலு மைக்ரான் கனத்துல வெட்டுறோம், ஒரு துணுக்குக்குள்ள எத்தனையோ அடுக்கு இருக்கு, முதல் ஸ்லைடு அதுல ஒரு சீவல்தான். ஆழத்துலயும் கிரானுலோமா இல்ல. ஆனா ஸ்ட்ரோமாவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா பிளாஸ்மா செல் இருந்துச்சு, நாள்பட்ட அழற்சிய காட்டுற வெள்ளணு வகை அது. சிடி138ங்கிற சாயம் (ஸ்டெய்ன்) போட்டா பிளாஸ்மா செல் பளிச்சுன்னு பழுப்பா எழும்பி நிக்கும், ஆனா சுரப்பியோட எபிதீலியமும் (ஓரச் செல் வரிசை) அதே ஸ்டெய்ன எடுக்கும், அத பிளாஸ்மா செல்னு எண்ணிறக் கூடாது, ஸ்ட்ரோமாவுக்குள்ள இருக்கிறத மட்டும் எண்ணணும். இருந்துச்சு. ஆக நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ் (உள்சவ்வு அழற்சி) ஏதோ நடக்குது. நம்ம ஊர்ல இந்தப் பேரு ரிப்போர்ட்ல வந்தா டாக்சிசைக்ளின் 14 நாள் எழுதிக் குடுத்துட்டு முடிச்சிருவாங்க. சாதாரண பாக்டீரியான்னா அது போதும். டிபி பின்னால இருந்தா அந்தப் பேரு ஒரு திரை மாதிரி மறைச்சுக்கும். குழந்தை இல்லாத பொண்ணு, மாதவிலக்கு சுருங்கியிருக்கு, டியூப் மணி மணியா இருக்கு, வீட்ல டிபி இருந்திருக்கு, இத்தனையும் சேந்திருக்கிறப்ப வெறும் எண்டோமெட்ரைட்டிஸ்னு எழுதிட்டு கைய உதறிட்டு போகக் கூடாது.

பிசிஆர் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அந்த லேப் சொந்தமா தயாரிச்ச மல்ட்டிப்ளெக்ஸ் பிசிஆர், ஒரே நேரத்துல பல டிஎன்ஏ துண்டத் தேடுறது. இந்த மாதிரி டெஸ்ட்ல இம்மியளவு கலப்படம் இருந்தாலும், செத்துப்போன கிருமியோட டிஎன்ஏ துணுக்கு இருந்தாலும் பாசிட்டிவ் காட்டிரும். இதை மட்டும் வச்சு ஆறு மாசம் டிபி மருந்து குடுக்கிறது எனக்கு ஒப்பல. ஈரல் பாதிப்பு, கண் பார்வை பாதிப்பு எல்லாம் வர வாய்ப்பிருக்கிற மருந்துங்க. அதே நேரம் குப்பையில போடுற ரிப்போர்ட்டும் இல்ல, மத்த அறிகுறிகளோட சேந்து வந்திருக்கு, அதனால சந்தேகத்த அதிகமாக்குது. ரத்தத்துல டிபி ஆன்ட்டிபாடி டெஸ்ட்டும் ஒண்ணு எடுக்கட்டுமான்னு வீட்டுக்காரர் கேட்டாரு, யாரோ சொல்லியிருக்காங்க. அது வேண்டவே வேண்டாம். டிபிய கண்டுபிடிக்க ரத்த ஆன்ட்டிபாடி கிட்ட இந்திய அரசு 2012லயே தடை பண்ணிருச்சு, தப்புத் தப்பா சொல்ற டெஸ்ட் அது. மாண்டோ (தோல்ல ஊசி போட்டுப் பாக்கிறது), இக்ரா (ரத்தத்துல பாக்கிறது) ரெண்டும் கிருமி எப்பவோ ஒடம்புக்குள்ள வந்திருக்குன்னுதான் சொல்லும், இப்ப நோய் நடக்குதான்னு சொல்லாது, நம்ம நாட்டுல பெரியவங்கள்ல நெறைய பேருக்கு பாசிட்டிவ் வரும்.

பாத்துக்கிட்டிருந்த கைனகாலஜிஸ்ட் மேடத்துக்கு ஃபோன் போட்டேன். மேடம், இந்த சாம்பிள்ல பதில் இல்ல, மறுபடி எடுக்கணும், இந்தத் தடவ நாளும் டப்பாவும் நம்ம சொல்ற மாதிரி இருக்கணும்னேன். அவங்க உடனே ஒத்துக்கிட்டாங்க. நல்ல டாக்டர், கூட்டம்தான் அவங்கள அமுக்குது.

ரெண்டாவது சாம்பிள்

இவங்களுக்கு சுழற்சி 26 நாள் வாக்குல. 23, 24ஆம் நாள்னு குறிச்சோம். இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு, பின்பாதியில எடுக்கிறப்ப அந்த மாசம் கரு தங்கியிருந்தா கலைஞ்சிரும், டியூப் அடைப்புன்னு எக்ஸ்ரே சொன்னாலும் நூத்துக்கு நூறு நம்பக் கூடாது. அதனால அந்த மாசம் ஆணுறை பயன்படுத்தச் சொல்லி, எடுக்கிற அன்னைக்கு காலையில யூரின் பிரக்னன்சி டெஸ்ட்டும் பாத்துட்டுத்தான் எடுத்தாங்க. ஆறு வருசமா குழந்தைக்கு ஏங்குற வீட்ல போய் இந்த மாசம் தடுத்துக்கங்கன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு மேடம் சொன்னாங்க, பொறுமையா உக்காந்து காரணத்தச் சொன்னதும் அந்தப் பொண்ணே "இந்த ஒரு மாசந்தான மேடம், இருந்துக்குறேன்"ன்னு சொல்லிட்டாங்க.

டப்பா விசயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நெறைய சாம்பிள் வீணாப் போற எடம் அதுதான். எடுத்த திசுவ அப்படியே மொத்தமா ஃபார்மலின்ல போட்டுருவாங்க, தியேட்டர்ல கைப்பழக்கம் அது. ஃபார்மலின் செல்லோட உருவத்த அப்படியே பிடிச்சு வைக்கும், எனக்கு ஸ்லைடு பாக்க அது வேணும், பத்து சதவீத பஃபர்டு ஃபார்மலின், திசுவப் போல பத்து மடங்கு அளவு ஊத்தணும், சின்னத் துணுக்குக்கே ஆறு மணி நேரமாவது ஊறணும். ஆனா அதே ஃபார்மலின் கிருமிய கொன்னுரும், டிஎன்ஏவ துண்டு துண்டாக்கிரும். அதுல ஊறுன திசுவ வச்சு கல்ச்சர் (கிருமிய வளத்துப் பாக்கிறது) பண்ணவே முடியாது, சிபிநாட்டும் (மெஷின்ல டிபி கிருமியோட டிஎன்ஏவ தேடுற டெஸ்ட்) உருப்படியா வராது. அதனால திசு கைக்கு வந்ததும் அங்கயே ரெண்டாப் பிரிக்கணும். ஒரு பாதி ஃபார்மலின்ல. இன்னொரு பாதி ஸ்டெரைல் டப்பாவுல, கொஞ்சூண்டு நார்மல் சலைன்ல, ஐஸ் பேக் வச்சு அன்னைக்கே டிபி லேப்புக்கு. பஞ்சுலயோ காஸ் துணியிலயோ சுத்தி அனுப்பக் கூடாது, துணுக்கு நூலுக்குள்ள மாட்டிக்கிட்டா பிரிச்சு எடுக்க முடியாது. டப்பா மேல எது எதுன்னு எழுதணும், மூடியில எழுதக் கூடாது, மூடி மாறிப்போகும். கடற்கரை ஊர்ல மதிய வெயில்ல பஸ்ல வர்ற சாம்பிள்னா ஐஸ் பேக் கட்டாயம். ஃபார்மலின் டப்பாவுக்கு ஐஸ் வேண்டாம், அது சாதாரண சூட்டுலயே இருக்கட்டும்.

ஃபாரத்த இந்தத் தடவ மேடம் கையாலயே எழுதியிருந்தாங்க: கடைசி மாதவிலக்கு தேதி, சுழற்சி நாள், ஹார்மோன் மாத்திரை எதுவும் இல்லை, எச்எஸ்ஜில மணி போன்ற டியூப், மாமனாருக்கு டிபி, கேள்வி: டிபியா? அந்த ஆறேழு வரிய பாத்தப்ப எனக்கு எவ்வளவு நிம்மதின்னு எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

ஸ்லைடு வந்துச்சு. சின்ன லென்சுல சுரப்பியெல்லாம் ரம்பப்பல் மாதிரி வளைஞ்சு, ஸ்ட்ரோமா செல் பருத்து, 24ஆம் நாளுக்கு ஏத்த சுரப்புக் காலம்தான். முதல் லெவல்ல, அதாவது மேலாப்ல வெட்டுன சீவல்ல, ஒண்ணும் இல்ல. சில சுரப்பிக்குள்ள மட்டும் நியூட்ரோஃபில் வெள்ளணு கூட்டமா கெடந்துச்சு. மாதவிலக்குக்கு முன்னாடி ஸ்ட்ரோமாவுல வெள்ளணு இருக்கிறது சகஜம், ஆனா சுரப்பியோட குழாய்க்குள்ள சீழ் மாதிரி நெரம்பியிருந்தா டிபிய தேடணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பக்கத்து சுரப்பி ரெண்டு மூணு சரியா சுரக்காம, மத்ததவிடப் பின்தங்கி நின்னுச்சு. ஏற்கனவே ஆழமா வெட்டச் சொல்லி எழுதியிருந்தேன், மூணாவது லெவல்ல மேற்பரப்புக்குப் பக்கத்துல வெளிறின ஒரு திட்டு. நாப்பது லென்ச வச்சு கிட்டப் போனேன். செருப்பு அடிபோல நீண்ட நியூக்ளியஸ் உள்ள, கிரானுலோமாவ கட்டுற எபிதீலியாய்டு செல்கள், எல்லை தெரியாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, சுத்தி லிம்ஃபோசைட் வளையம். அந்தத் திட்டோட ஓரத்துல ஒரு பெரிய செல், அதுக்குள்ள நியூக்ளியஸ் எல்லாம் குதிரை லாடம் மாதிரி ஓரமா வளைஞ்சு அடுக்கியிருக்கு. லாங்ஹான்ஸ் செல், டிபி கிரானுலோமாவுல வர்ற ஜெயன்ட் செல். அடுத்த லெவல்ல இன்னும் ஒரு திட்டு, ஜெயன்ட் செல் அதுலயும் ஒண்ணு. நடுவுல கேசியேஷன் கெடையாது, எண்டோமெட்ரியத்துல அது அபூர்வம்தான், தயிர் மாதிரி அழுகுற வரைக்கும் அந்த அடுக்கு இருக்கறதில்லையே.

கிரானுலோமாதானான்னு உறுதி பண்றதுக்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கிட்டேன். இந்த நாள்ல ஸ்ட்ரோமா செல் பருத்துக் கெடக்கிற திட்டு பாக்கறதுக்கு எபிதீலியாய்டு மாதிரியே ஏமாத்தும், ஆனா அது ரத்தக்குழாயச் சுத்தி இருக்கும், நியூக்ளியஸ் உருண்டையா இருக்கும். லிம்ஃபாய்டு திட்டும் அப்படித்தான், எல்லாருக்கும் அங்கங்க இருக்கிறதுதான். சந்தேகம் வந்தா சிடி68 போடலாம், மேக்ரோஃபேஜ் வழிய வந்த செல்ல அது காட்டும். கிரானுலோமான்னு ஆனப்புறமும் டிபிதான்னு கண்ண மூடிக்கிட்டு எழுதிறக் கூடாது. முன்னாடி நடந்த ஆப்பரேஷனோட தையல் நூல், பவுடர் மாதிரி அந்நியப் பொருள், பூஞ்சை, சார்காய்டோசிஸ்ங்கிற நோய் எல்லாம் கிரானுலோமா கட்டும். போலரைஸ்டு லைட்ல பாத்தேன், மின்னுற பொருள் எதுவும் இல்ல. பிஏஎஸ் ஸ்டெய்ன்ல பூஞ்சை இல்ல.

டிபி கிருமிய செவப்பாக் காட்டுற இசட்என் ஸ்டெய்ன் போட்டு ஒவ்வொரு திட்டா ஆயில் லென்சுல தேடினேன், செவப்புக் கிருமி ஒண்ணும் கெடைக்கல. எதிர்பாத்ததுதான். மைக்ராஸ்கோப்புல கிருமி கண்ணுக்குப் படணும்னா ஒரு மில்லிக்கு 5,000லருந்து 10,000 கிருமி வேணும்னு கணக்கு, சிபிநாட்டுக்கு நூத்துச் சொச்சம் போதும், லிக்விட் கல்ச்சருக்கு 10லருந்து 100 இருந்தாலே வளத்துரும். எண்டோமெட்ரியத்துல கிருமி எப்பவும் கொஞ்சமாத்தான் இருக்கும். அதனால இசட்என் நெகட்டிவ்ங்கிற வரிய படிச்சுட்டு யாரும் டிபிய கைவிட்டுறக் கூடாது.

நான் ரிப்போர்ட்டுல எழுதுனது: லேட் சீக்ரெட்டரி எண்டோமெட்ரியம், கிரானுலோமேட்டஸ் எண்டோமெட்ரைட்டிஸ், லாங்ஹான்ஸ் ஜெயன்ட் செல் இருக்கு, கேசியேஷன் இல்ல, இசட்என்ல கிருமி இல்ல, உருவ அமைப்பு டிபிக்கு ஒத்துப் போகுது, சலைன்ல போன பாதியோட சிபிநாட், கல்ச்சரோட சேத்துப் பாக்கவும். ரெண்டு நாள் கழிச்சு சிபிநாட் வந்துச்சு: எம்டிபி டிடெக்டட், லோ. ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட். டிபி கிருமி கொஞ்சமா இருக்கு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு தெரியலன்னு அர்த்தம். எண்டோமெட்ரியத்துல சிபிநாட் தவறவிடுற கேஸ் நெறைய, ஆனா பாசிட்டிவ்னு சொன்னா நம்பலாம். ஒருவேள அது நெகட்டிவ்னு வந்திருந்தாலும் இந்தக் கிரானுலோமா, இந்த எக்ஸ்ரே, இந்த வீட்டுக் கதை மூணையும் வச்சு நான் டிபின்னுதான் பேசியிருப்பேன். கல்ச்சர் அஞ்சாவது வாரத்துல வளந்துச்சு, மருந்துக்கெல்லாம் கட்டுப்படுற கிருமிதான்.

சாம்பிள் பத்தி இன்னும் கொஞ்சம்

இந்தக் கேஸ் டிபி, ஆனா இதே சிக்கல் எண்டோமெட்ரியத்துல வர்ற மத்த நோய்க்கும் அப்படியே பொருந்தும். மாதவிலக்கு நின்னு பல வருசமான அம்மாவுக்கு திடீர்னு ரத்தம் பட்டுச்சுன்னு பைப்பெல்ங்கிற மெல்லிசு உறிஞ்சு குழாய் போட்டு எடுத்து அனுப்புவாங்க, டப்பாவுல சளியும் ரத்தமும் ரெண்டு எபிதீலியத் துணுக்கும் இருக்கும். நாங்க "போதிய திசு இல்லை"ன்னு எழுதுவோம். அத வீட்ல "கேன்சர் இல்லையாம்"னு எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. பைப்பெல் கருப்பை உள்பரப்புல ஒரு சின்னப் பகுதியத்தான் தொடும், மூலையில ஒரு பாலிப் (சதை வளர்ச்சி) தொங்கி அதுக்குள்ள கேன்சர் இருந்தா அது கண்ணுலயே படாது. ஸ்கேன்ல உள்சவ்வு நாலு மில்லிமீட்டருக்கு மேல இருந்தாலோ, ரத்தம் திரும்பத் திரும்பப் பட்டாலோ, ஹிஸ்டெரோஸ்கோப்பில, கருப்பைக்குள்ள கேமரா விட்டு, கண்ணால பாத்து எடுத்து அனுப்பணும். ஸ்கேன்ல மெல்லிசா இருந்தும் சீரஸ் வகைக் கேன்சர் ஒளிஞ்சிருக்கிற கேஸும் உண்டு, அது சுருங்கி மெலிஞ்சுபோன (அட்ரோஃபி) எண்டோமெட்ரியத்துலயே வர்றது.

அட்டிப்பிக்கல் ஹைப்பர்ப்ளேசியான்னு, அதாவது உள்சவ்வு மிகையா வளந்து செல்லும் இயல்பு மாறியிருக்குன்னு, பயாப்சில வந்தா இன்னும் கவனம் வேணும். அமெரிக்காவுல ஜிஓஜிங்கிற மகளிர் கேன்சர் ஆய்வுக் குழு 2006ல வெளியிட்ட ஆய்வுல அந்த ரிப்போர்ட்டோட கருப்பை எடுத்த பொம்பளைங்கள்ல 100க்கு 43 பேர் கிட்ட ஏற்கனவே கேன்சர் இருந்துச்சு. பயாப்சில சின்னத் துணுக்குதான் வந்துச்சு, கேன்சர் பக்கத்துல இருந்திருக்கு. பழைய நாலு வகைப் பிரிவ விட்டுட்டு உலக சுகாதார நிறுவனம் 2014ல அட்டிப்பியா இருக்கு, இல்லன்னு ரெண்டே வகையாக்குனது எங்களுக்கு ஒரு வகையில நல்லதாப் போச்சு, டாக்டருக்கு அடுத்து என்ன செய்யணும்னு அந்த ஒரு வார்த்தையில தெரிஞ்சிருது. ஆனா அங்கயும் மருந்து விவரம் வேணும். ரத்தப்போக்குன்னு நாரெத்திஸ்டெரோன்ங்கிற ஹார்மோன் மாத்திரை சாப்ட்டுக்கிட்டிருக்கிற பொம்பளையோட எண்டோமெட்ரியம் சுரப்பி சுருங்கி ஸ்ட்ரோமா பருத்து வேற ஆளாட்டம் இருக்கும், ஹைப்பர்ப்ளேசியா இருந்திருந்தாலும் அடங்கிப் போயிருக்கும். மார்பகக் கேன்சருக்கு டமாக்சிஃபென் சாப்பிடுறவங்கன்னா பாலிப், ஹைப்பர்ப்ளேசியா, கேன்சர்னு எல்லாத்துக்கும் வாய்ப்பு கூடுது. ஃபாரத்துல ஒரு வரி போதும். மருந்துக்கடையில சொல்லி வாங்கிச் சாப்ட்ட மாத்திரைய டாக்டர்கிட்டயே சொல்லாத ஊர் இது, அதனால அட்டைய கொண்டு வாங்கம்மான்னு கேட்டு வாங்கிப் பாக்கணும்.

அப்புறம்

டிபி நோயாளிய அரசுக்குத் தெரிவிக்கிறது 2012லருந்து கட்டாயம், பிரைவேட்டா இருந்தாலும். அரசோட டிபி பதிவுத் தளமான நிக்ஷய்ல பதிவு பண்ணி, எடைக்குத் தக்கன தெனசரி மாத்திரை ஆரம்பிச்சாங்க: முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. ஆரம்பிக்கும் முன்னாடி ஈரல் டெஸ்ட்டும் கண் பரிசோதனையும் பாத்தாங்க. சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்கன்னு முதல் நாளே சொல்லி அனுப்புனாங்க, அது சொல்லலன்னா ரத்தம்னு நெனச்சு மாத்திரைய நிறுத்திருவாங்க. சத்துணவுக்கு 2024 நவம்பர்லருந்து மாசம் 1000 ரூபாய் பேங்க் கணக்குல போடுறாங்க, இவங்களுக்கும் வந்துச்சு. கருப்பை டிபி இருமல் மாதிரி பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் பரவாது, அத மாமியாகிட்ட ரெண்டு தடவ எடுத்துச் சொல்ல வேண்டியிருந்துச்சு, தட்டு டம்ளர தனியா வச்சிட்டாங்களோன்னு சந்தேகம் இருந்துச்சு எங்களுக்கு. ஆனா அந்த வீட்ல பழைய நுரையீரல் டிபி இருந்திருக்கிறதால எல்லாரையும் ஒரு தடவ பரிசோதிச்சாங்க, நாத்தனாரோட சின்னப் பிள்ளைங்களையும் சேத்து. யாருக்கும் நோய் இல்ல.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும், வீட்ல வருமானம் சுருங்குற நேரம் அது. அந்த நேரத்துலதான் மாத்திரைய நிறுத்திருவாங்களோன்னு பயந்தோம். ஊர் நர்ஸ் வாராவாரம் போய்ப் பாத்தாங்க, ஒரு நாளும் விடாம முடிச்சாங்க. நாலாவது மாசத்துலயே மாதவிலக்கு மூணு நாள் ஆச்சு, வயித்து வலி போயிருச்சு, எடை ஏறுச்சு.

முடிச்சப்புறம் ஹிஸ்டெரோஸ்கோப்பி பண்ணி அதே 24ஆம் நாள் கணக்குல எடுத்து அனுப்புனாங்க, திரும்பவும் ரெண்டு டப்பா. கிரானுலோமா இல்ல, பிளாஸ்மா செல் இல்ல, கல்ச்சர்ல ஒண்ணும் வளரல. உள்ள மெல்லிசான ஒட்டல் ஒண்ணு ரெண்டு இருந்தத அப்பவே பிரிச்சு விட்டாங்க, உள்சவ்வு நல்லா வளருது. டியூப் ரெண்டும் அடைஞ்சதுதான், அது மருந்துல தெறக்காது, தழும்பு விழுந்த டியூப் திரும்ப பழைய மாதிரி ஆகாது. இன்னும் சில வருசம் முன்னாடி, மாதவிலக்கு சுருங்க ஆரம்பிச்சப்பவே சரியான நாள்ல சரியா எடுத்துப் பாத்திருந்தா டியூப்ல கொஞ்சமாவது மிச்சம் இருந்திருக்குமோன்னு மேடமும் நானும் பேசிக்கிட்டோம். இப்ப இருக்கிற வழி ஐவிஎஃப். அதுக்கு மதுரைக்குப் போகணும், செலவு பெருசு. அந்தப் பொண்ணு மேடத்துகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், உள்ள நோய் இல்லன்னு இந்தத் தடவ உறுதியா சொல்றீங்களா மேடம்னு. மேடம் எனக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க. 24ஆம் நாள் எடுத்த சாம்பிள்மா, எல்லா லெவலும் பாத்துட்டேன், கல்ச்சரும் ஆறு வாரம் முழுசா வச்சுப் பாத்தாச்சு, இல்லன்னு சொல்றேன்னு சொன்னேன். ஜூன் தடை முடிஞ்சு போட்டு எறங்கினதும் காசு சேக்க ஆரம்பிக்கிறோம்னாங்க.